வெல்டுக்குப் பக்கத்து இரும்பு

நவம்பர் 4, செவ்வாய்

கேஸ் ஏஜென்சியில் கொடுத்த டைரி பத்து மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். பட்டறையில் என் மேல் ஒரு மெமோ போட்டிருக்கிறார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் தேதியோடு சொல்ல என் பக்கமும் எழுத்து வேண்டும்.

எங்கள் பட்டறை துவாக்குடிப் பக்கம். கிரேனில் மாட்டிச் சரக்குத் தூக்குகிற இரும்புச் சட்டம் செய்கிறோம், இருபது டன் தாங்க வேண்டியது. சட்டத்தின் மேல் நான்கு காதுகள். கொக்கி மாட்டத் துளை போட்ட தடித்த இரும்புத் துண்டைத்தான் காது என்போம். நாலையும் சட்டத்தோடு பற்றவைத்தவள் நான். போன சனிக்கிழமை முடித்தேன். அன்று சாயங்காலமே சோதித்துப் பார்த்து 'சரி' என்று எழுதிவிட்டார்கள். திங்கள் காலை பெயிண்ட் அடிக்கப் போனவர் இரண்டாவது காதின் ஓரத்தில் ஒரு மயிர்க்கோட்டைப் பார்த்தார். விரிசல்.

மேனேஜர் தெய்வசிகாமணி சார் எல்லார் முன்னாலும் கத்தினார். "உன் வெல்டு விட்டுருச்சு பிரகாசி!"

"என் வெல்டு விடல சார். பக்கத்துல இருக்குற இரும்புதான் விட்டிருக்கு. குனிஞ்சு பாருங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடமும் கோணலா இருக்கலாம்ல சார்? அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அவ்வளவுதான், மெமோ வந்தது. இன்னொரு முறை விரிசல் வந்தால் என் வெல்டர் தகுதியை ரத்து செய்வார்களாம். என் நம்பர் பதினேழு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு வெல்டரும் தன் நம்பர் செதுக்கிய பஞ்ச் என்கிற இரும்பு அச்சை வைத்துச் சட்டத்தில் சுத்தியலால் அடிக்க வேண்டும். அது யாருடைய கை என்று எந்தக் காலத்திலும் தெரியும். அந்தப் பதினேழை வாங்க எட்டு வருஷம் கிரைண்டிங் மெஷினோடு தூசி தின்றேன். இதே போன்ற சட்டம் இரண்டு வருஷத்தில் மூன்று செய்து அனுப்பியிருக்கிறேன், ஒரு புகார் வந்ததில்லை. பறித்துவிடுவாராம். பறிக்கட்டும் பார்க்கலாம்.

காதுக்கு வருவது சாதாரண இரும்பில்லை, கடினமான ஜாதி. பற்றவைக்கும் முன் கேஸ் ஜுவாலை பிடித்துச் சூடு காட்ட வேண்டும். சனிக்கிழமை சிலிண்டர் வேறு வேலைக்குப் போய்விட்டது. கேட்டதற்கு மேனேஜர், "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது, சூடு காட்டாம சும்மா அடி" என்றார். அடித்தேன். அதை மெமோவில் எழுதவில்லை அந்த மனுஷன்.

வெளியே விடாத மழை. மதியம் வத்தக்குழம்பு ஆவி பறக்க இருந்தது. வெல்டிங் ராடு வைக்கிற ஓவனில் மேல்தட்டு காலியாகத்தான் கிடக்கும், டிபனை அதில் வைத்துவிடுவோம். அது மட்டும் இல்லையென்றால் இந்த ஐப்பசியில் சில்லிட்ட சோற்றைத் தின்றே செத்திருப்போம்.

நவம்பர் 5, புதன்

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். 'மன்னிக்கவும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

வெளியிலிருந்து வெல்டு சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். நூர்தீன் என்று பெயர், அறுபது வயதிருக்கும், கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். விரிசல் பார்க்கச் சிவப்புச் சாயம் பூசினார், துடைத்தார், மேலே வெள்ளை மருந்து அடித்தார். விரிசலுக்குள் புகுந்த சாயம் வெள்ளையில் ஊறி மெல்ல வெளியே வந்தது. வெல்டில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை. வெல்டுக்குப் பக்கத்தில், ஒரு நகம் தள்ளி, அதன் கூடவே ஓடுகிறது கோடு. நான் மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"அம்மா, உருகி உறையுற வெல்டப் பத்தித்தான் எல்லாரும் கவலப்படுறோம்" என்றார் நூர்தீன் சார். "அதுக்குப் பக்கத்துல, உருகாம செவந்து மட்டும் போற பட்டை ஒண்ணு இருக்கு பாத்தீங்களா, அத யாரும் கண்டுக்குறதில்ல. இம்புட்டுத் தடிச்ச இரும்பு. சுத்தியுள்ள குளுந்த இரும்பு சூட்ட உறிஞ்சிரும். கொல்லன் அருவாளக் காய்ச்சித் தண்ணில முக்குறான்ல, அதேதான். அந்தப் பட்டை இறுகி, வளையத் தெரியாம போயிரும்."

"அப்ப சனிக்கெழம ஏன் சார் கிராக் தெரியல?"

"நல்லாக் கேட்டீங்க. ராடு மேல இருக்குற பூச்சுல ஈரம் இருந்தா, அந்தத் தண்ணி நெருப்புல பிரிஞ்சு ஹைட்ரஜனா இரும்புக்குள்ள பூந்துரும். இரும்பு ஆறுனப்புறம் வெளிய வர வழியில்ல. இறுகிப்போன அந்தப் பட்டையில போயி உக்காந்துக்கிட்டு, ஒரு நா ரெண்டு நா கழிச்சுக் கிழிக்கும். முன்னாடியே இருநூறு டிகிரி சூடு காட்டிட்டா இரும்பு மெதுவா ஆறும். இறுகாது, வாயுவும் வெளிய போயிரும்."

பதினொரு வருஷமாகச் சூடு காட்டுகிறேன், ஏன் என்று ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. 'காட்டு' என்பார்கள், காட்டுவேன்.

"ராடெல்லாம் ஓவன்லதான வக்கிறீங்க?"

"எப்பவும் ஓவன்லதான் சார்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

நாலு காதையும் அறுத்தெடுத்து மறுபடி வைக்க வேண்டும், சூடு காட்ட வேண்டும், முடிந்ததும் தீப்பிடிக்காத கம்பளம் போர்த்தி மெதுவாக ஆற விட வேண்டும், இரண்டு நாள் பொறுத்துத்தான் சோதனை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டாம் தேதி லாரி வருகிறது என்று மேனேஜர் புலம்பினார்.

"லாரி வரும் சார். காது விட்டா ஆம்புலன்ஸும் வரும்" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

அறுப்பு, கிரைண்டிங், அறுப்பு. இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டில் இவர் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். டவுன் பஸ் ஓட்டுகிறவர், மதிய ஷிப்ட், அதனால் காலைச் சமையல் அவருடையதுதான். "நாளைக்கு என்ன குழம்பு வெக்கட்டும், போராளியம்மா?" என்று கேட்டார். நக்கல்! கத்திரிக்காய் சாம்பார் என்றேன்.

நவம்பர் 8, சனி

இன்றைக்கு இரண்டு காது வைத்தேன். திருவிழாவுக்கு வந்த மாதிரி மொத்தப் பட்டறையும் சுற்றி நின்றது.

ஃபிட்டர் அடைக்கலம் அண்ணன் ஜுவாலை பிடித்தார். சூடு பார்க்கும் சாக்கட்டியைக் காதில் கிழித்தேன். இருநூறு வராதவரை அது சுண்ணாம்புக் கோடாக நிற்கும். வந்ததும் எண்ணெய் போல் உருகி வழியும். உருகிற்று. "அடி தாயி" என்றார். எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முதல் காதை முடித்தேன். ஒரே சீர், நானே சொல்கிறேன். அப்படியே கம்பளம் போட்டு மூடினோம்.

சாப்பாட்டு நேரம். வழக்கம்போல் பதினொன்றுக்கே டிபன்களை ஓவனில் அடுக்கி, சோறு அடிப்பிடிக்காமலிருக்கச் சூடு வைக்கும் திருகை நூற்றிருபது டிகிரியிலிருந்து எழுபதுக்கு இறக்கியிருந்தேன். ஏழு டப்பா. அடைக்கலம் அண்ணனின் மீன்குழம்பு வாசனை மூடியை மீறி வந்தது. மேனேஜருடைய இட்லி சாம்பாரும் அதில்தான். என்னோடு ஆயிரம் சண்டை இருக்கட்டும், சூடான சாம்பார் மட்டும் வேண்டும் அவருக்கு.

சாப்பிட்டு வந்து, இரண்டாவது காது. அதுவும் அதே சூடு, அதே கை. நாலரைக்கு முடித்துப் போர்த்தினேன். இரண்டின் பக்கத்திலும் பதினேழு அடித்தேன். சுத்தியல் சத்தம் மேனேஜர் ரூம்வரை கேட்டிருக்கும். கேட்கத்தான் அடித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. என் நினைப்பெல்லாம் கம்பளத்துக்குள் ஆறிக்கொண்டிருக்கிற இரண்டு காதில் இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

முதல் காது சுத்தம். இரண்டாவது காதில், வெல்டுக்குப் பக்கத்தில், அரை விரல் நீளம். சிவப்பு.

சேசுவே! சாயம் ஊறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இப்ப என்னம்மா சொல்ற? சூடும் காட்டியாச்சு, போத்தியும் வச்சாச்சு. கூடம் நேராயிருச்சு. இப்பவும் ஆட்டம் வரலையே?" என்றார் மேனேஜர். கையை நீட்டினார். "பஞ்சக் குடு. நாளையிலேருந்து கிரைண்டிங்."

"கிரைண்டிங்குக்குப் போறேன். பஞ்சத் தர மாட்டேன். ஒரே கைதான் சார் ரெண்டையும் வச்சது. ஒண்ணு நல்லாருக்கு, ஒண்ணு ஏன் விட்டுச்சு? அதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்கிக்கங்க."

நீட்டின கையை மடக்கிக்கொண்டு ரூமுக்குப் போனார். பதில் எனக்கும் தெரியாது, ஆனால் அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கிரைண்டிங். பஞ்ச் என் இடுப்பில்தான் இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

இதை எப்படி எழுதுவது.

காலையிலிருந்து ஒரே யோசனை. முதல் காது காலையில் வைத்தது, இரண்டாவது மதியம். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் என்ன மாறிற்று? கரண்ட் அதேதான், இரும்பும் அதே இரும்பு, ராடு பெட்டிகூட அதேதான். வெயில் வந்ததா என்றால் அதுவுமில்லை, நாள் முழுக்க மழை.

ஒரு மணிக்கு டிபன் எடுக்கப் போய் ஓவன் கதவைத் திறந்தேன். முகத்தில் ஆவி அடித்தது. மூக்குக் கண்ணாடி மங்கிப்போயிற்று. துடைத்துப் போட்டுப் பார்த்தால் கதவின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். டப்பா மூடியிலிருந்து வழிந்த குழம்பு கீழ்த்தட்டு ராடுகள் மேல் காய்ந்து கறுத்திருந்தது. திருகு எழுபதில் நின்றது. சாப்பிட்ட பின் அதை மறுபடி நூற்றிருபதுக்கு ஏற்றியதாக எனக்கு ஞாபகமே இல்லை. எந்த நாளிலும் இல்லை. மறுநாள் காலை வந்துதான் ஏற்றுவேன்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. ஈரம் பட்டால் வாயு, வாயு உள்ளே போனால் விரிசல். நூர்தீன் சார் அன்றைக்கே சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அதில் டிபன் வைக்கிற பழக்கத்தை இந்தப் பட்டறையில் ஆரம்பித்தது யார்? நான்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே மழைக்காலம்.

அடைக்கலம் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ராடுகளைப் பார்த்தார்.

"தாயி, வாய மூடிக்க. பழைய ராடத் தூக்கிப் போட்டுட்டு, புது ராடக் காய வச்சு அடிச்சிரு. கிராக் வராது. ஒன் நம்பரு ஒங்கிட்டயே இருக்கும். தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாக?"

"அந்த மூணு சட்டம்ணே?"

"எந்த மூணு?"

"ரெண்டு வருஷமா நான் செஞ்சு அனுப்புனது. அதெல்லாம் இதே ஓவன் ராடுதான? அதுக்கு அடியில இப்ப எவனோ நின்னுக்கிட்டு இருப்பான்ல?"

நான் இன்றைக்குச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நா ஓட்டுற பஸ்ஸுல பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சா டெப்போவுல சொல்லாம எடுப்பனா?" என்று மட்டும் கேட்டார். கோபமாக வந்தது எனக்கு. அவர் மேல் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நூர்தீன் சார் வருவதாக இருந்தது. அவர் வரும்வரை காத்திருந்து, மேனேஜர் ரூமில் வைத்தல்ல, பட்டறை நடுவில், ஓவனைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன். டிபன், ஆவி, எழுபது, ஒன்றும் விடவில்லை.

மேனேஜர் முகத்தில் தீபாவளி. "அப்ப ஒந்தப்புதான்! வாயாலயே ஒத்துக்கிட்ட!"

"எந்தப்புதான் சார். ஆட்டமும் கோணல்தான். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். கூடவே, ஒண்ணாந்தேதி சூடு காட்டாம அடிக்கச் சொன்னது யாருன்னும் எழுதுங்க. அன்னிக்கே சோதன பண்ணி 'சரி'ன்னது யாருன்னும் எழுதுங்க. அந்த ஓவன்ல ஏழு டப்பா இருந்துச்சு, ஒண்ணுல உங்க இட்லி இருந்துச்சு. அதயும் எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க சார், எனக்குப் பயமில்ல!"

பொய்.

நூர்தீன் சார் ஓவனுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஒரு ராடை எடுத்து மோந்தார். "மீன்கொழம்பு" என்றார். அடைக்கலம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சந்தேகம் எதுக்கு? ரெண்டு துண்டு அடிச்சுப் பாத்துருவோம். ஒண்ணுக்கு முந்நூத்தம்பது டிகிரியில ரெண்டு மணி நேரம் காய வச்ச புது ராடு. ஒண்ணுக்கு இந்தச் சாப்பாட்டு ராடு. ரெண்டும் இந்தம்மாவே அடிக்கட்டும்" என்றார்.

"அந்த மூணு சட்டத்தயும் நிறுத்தச் சொல்லணும் சார்" என்றேன்.

"அதெல்லாம் கம்பெனி பேரு கெட்டுப்போற விஷயம். லெட்டரெல்லாம் போக முடியாது" என்றார் மேனேஜர்.

"நீங்க போட வேணாம். நா போடறேன்." இந்த டைரியிலேயே மூன்று தாள் கிழித்து, சட்டத்தின் எண், தேதி, 'சோதிக்காமல் தூக்க வேண்டாம்', கீழே பிரகாசி, வெல்டர் 17 என்று எழுதி நூர்தீன் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தன் கையெழுத்தையும் கீழே போட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

சோதனைத் துண்டு இரண்டும் அடித்தேன். சாப்பாட்டு ராடுத் துண்டையும் ஒழுங்காகத்தான் அடித்தேன். தோற்க வேண்டும் என்று கையைக் கோணலாக்கவில்லை. அது சத்தியம்.

ஓவனுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன், என் சொந்தப் பூட்டு. சாவி பஞ்சோடு இருக்கிறது. மதியம் ஏழு பேரும் ஆறிப்போன சோற்றை முழுங்கிக்கொண்டு என்னைத் திட்டாத குறையாகப் பார்த்தார்கள்.

நவம்பர் 17, திங்கள்

புது ராடுத் துண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. சாப்பாட்டு ராடுத் துண்டில், வெல்டுக்குப் பக்கத்தில், நாம் பார்த்துப் பழகின அதே கோடு.

"கை ஒண்ணுதான். நம்பர் இந்தம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே நூர்தீன் சார் எழுதினார்.

ஓவனுக்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம், கையெழுத்துப் போட்டேன். சூடு காட்டாமல் அடிக்கச் சொன்னது மேனேஜர்தான் என்று எழுதின தாளை அவர் மேசையில் வைத்து, "உங்களுது சார்" என்றேன். அதை இழுப்பறையில் போட்டு மூடினார். நாளைக்கும் கேட்பேன்.

நவம்பர் 18, செவ்வாய்

லாரி வந்தது. காலியாகத் திரும்பிப் போனது.

நவம்பர் 21, வெள்ளி

நாலு காதும் வைத்தாயிற்று, நாலும் சுத்தம். இதை எழுதி ஆட வேண்டிய நாள். ஆட முடியவில்லை.

நூர்தீன் சார் போன் செய்தார். மூன்று சட்டத்தில் இரண்டு நன்றாக இருக்கிறதாம். மூன்றாவது, கரூர்ப் பக்கம் ஒரு யார்டில். ஒரு காதில் விரிசல். காதின் பாதிக்குமேல் ஓடியிருக்கிறதாம். லெட்டர் போன அன்றுவரை அதில் சரக்குத் தூக்கியிருக்கிறார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா" என்றார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று இரண்டாவது முறையும் சொன்னார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்து மேனேஜரிடம் சொன்னேன். "அத இங்க கொண்டுவரச் சொல்லுங்க. நாந்தான் அறுப்பேன், நாந்தான் வப்பேன்."

நவம்பர் 25, செவ்வாய்

கரூர் சட்டம் வந்து இறங்கியது. விட்ட காதின் பக்கத்தில் 17. நானே அடித்தது, ஏழின் வால் கொஞ்சம் சாய்ந்து.

அறுக்கும் முன் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "பிரகாசி, அந்தப் பழைய நம்பரக் கிரைண்டர வச்சு எடுத்துரு. எதுக்கு நமக்கு? ஒனக்கும் நல்லது" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். இழுப்பறையில் போட்ட அந்தத் தாளில் அவர் நேற்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"எடுக்க மாட்டேன் சார்."

"ஏம்மா அடம் புடிக்கிற?"

"அதுவும் நான்தான சார்?"

நின்று பார்த்துவிட்டுப் போனார். விரிசல் விட்டது போக மற்ற மூன்று காதையும் நம்பாமல் நாலையும் அறுத்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

கரூர்ச் சட்டம் சோதனையில் தேறியது.

மதியம் மழை. சாம்பார் சாதம் உறைந்து கட்டியாக இருந்தது. எதிர் பெஞ்சில் மேனேஜர் டப்பாவைத் திறந்தார். "கல்லு மாதிரி இருக்கு இட்லி" என்றார்.

"தின்னுங்க சார். நாங்க திங்கல?"

தின்றார். அடைக்கலம் அண்ணன் தன் மீன்துண்டு ஒன்றை என் மூடியில் வைத்தார். அதுவும் சில்லென்றுதான் இருந்தது.

கை கழுவிவிட்டுப் போய்ச் சட்டத்தின் முன் குனிந்தேன். பழைய பதினேழு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், ஒரு விரல் இடம் விட்டு, பஞ்சை வைத்துப் புதிதாக இன்னொரு பதினேழு அடித்தேன்.